விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது: வாசகர் கேள்வி பதில்

விசுவாசத்தைப் பற்றி அடுத்தவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டு இந்த முறை பலர் எழுதியிருக்கிறீர்கள். சில கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

கேள்வி: உயிரியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வகத்தில் கூட இருப்பவர்கள், "பரிணாமத்தைப் படித்துக்கொண்டே ஆறு நாள் படைப்பையும் எப்படி நம்புகிறாய்?" என்கிறார்கள். சபையில் "ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். என்ன சொல்வது?
- ஒரு மாணவி

பதில்: "ரெண்டில் ஒன்று" என்ற அந்தப் பேச்சை நீங்கள் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம், யார் சொன்னாலும் சரி. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். முதல் நாளிலேயே சாயங்காலமும் விடியற்காலமும் ஆகிவிடுகிறது, சூரியன் வருவதோ நாலாம் நாளில். இதைக் கவனிக்க டார்வின் பிறக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி இருந்திருக்கும், புத்தியுள்ள யார் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீன் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறார். வானத்தையும் பூமியையும் நட்சத்திரங்களின் ஓட்டத்தையும் பற்றி அவிசுவாசி தன் அறிவாலும் அனுபவத்தாலும் தெரிந்து வைத்திருக்கிறான், அவன் முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் தப்பும் தவறுமாகப் பேசினால் அவன் சிரிக்க மாட்டானா, அப்புறம் அதே புத்தகம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை எதற்காக நம்பப் போகிறான் என்று கேட்கிறார். சபையில் உங்களை நெருக்குகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இது நாத்திகர் சொன்னது அல்ல, திருச்சபையின் பிதாக்களில் ஒருவர் சொன்னது.

ஆய்வகத்து நண்பர்களிடம் பேசும்போது வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. "அறிவியலால் இதை விளக்க முடியவில்லை பார், அங்கேதான் கடவுள்" என்று சொல்லத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஜார்ஜ் லெமெத்ர் என்று பெல்ஜியத்தில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் இருந்தார், இயற்பியலாளரும்கூட. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கணக்குப் போட்டு எழுதியவர், 1931இல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றவர். இன்று பெருவெடிப்பு என்கிறோமே, அதற்கு வித்து அங்கேதான். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தப் புதிய அறிவியலைக் காட்டி, படைப்பைப் பற்றிய விசுவாசத்துக்கு இதுவும் சாட்சி என்ற தொனியில் பேசினார். லெமெத்ர் மகிழ்ந்துபோயிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். நம் அறிவில் ஓட்டை இருக்கிற இடத்திலெல்லாம் கடவுளை வைத்து அடைத்தால், அறிவு வளர வளரக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும் என்று ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1944இல் நாஜிச் சிறையிலிருந்து எழுதினார். நமக்குத் தெரியாததில் தேடாமல் தெரிந்ததில் கடவுளைக் காண வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

லெமெத்ர், மரபியலுக்கு அடித்தளமிட்ட துறவி மெண்டல், மனித மரபணுத் திட்டத்தை 2003இல் நிறைவுக்குக் கொண்டுவந்த பிரான்சிஸ் காலின்ஸ் என்று பட்டியல் போட்டு நண்பர்களை மடக்கப் பார்ப்பதும் வேண்டாம். நம்பாத விஞ்ஞானிகளின் பட்டியல் அவர்களிடமும் இருக்கும், நீளமாகவே இருக்கும். இந்தப் பெயர்கள் காட்டுவது ஒன்றே ஒன்றுதான், இரண்டும் ஒரே தலைக்குள் நேர்மையாக இருக்க முடியும் என்பது. நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "பரிணாமம் நடந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஏற்கிறேன். ஆதியாகமம் உயிர்கள் எப்படி வந்தன என்று பாடம் நடத்துவதாக நான் வாசிக்கவில்லை, இது எல்லாம் யாருடையது, மனிதன் யார் என்று சொல்வதாக வாசிக்கிறேன். இதில் எனக்கே தெளியாத இடங்கள் உண்டு, மரணமும் வேதனையும் இத்தனை கோடி வருஷம் ஏன் என்பது அதில் ஒன்று." அந்தக் கடைசி வரியைச் சொல்லத் தயங்காதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் உங்களிடம் நிஜமாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: உடன் வேலை பார்ப்பவரின் நான்கு வயது மகள் இறந்துவிட்டாள். அவர் கிறிஸ்தவர் அல்ல. நான் ஜெபிக்கிறவன் என்று தெரிந்து, "உங்க கடவுள் எங்கே சார் இருந்தார்?" என்று கேட்டார். எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், "இதிலும் தேவசித்தம் உண்டு என்று சொல்லுங்கள், சாட்சி சொல்ல நல்ல சந்தர்ப்பம்" என்கிறார். சொல்லலாமா?
- அலுவலக நண்பர்

பதில்: சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு குழந்தையின் மரணத்தைச் சந்தர்ப்பம் என்று அழைக்கும் பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டது. அவர்கள் பேசியதை வாசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் பக்தியான பேச்சு, கடவுளுக்காக வக்காலத்து வாங்கும் பேச்சு. கடைசியில் கடவுளே, என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, என் தாசனாகிய யோபுதான் பேசினான் என்று தீர்ப்புச் சொல்கிறார். கடவுளைக் கேள்வி கேட்டுக் கதறியவன் யோபு. உங்கள் நண்பர் கேட்டதும் யோபு கேட்டதுதான்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார் இயேசு. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும், இவனும் அல்ல இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். ஆனால் நான் அதிகம் யோசிப்பது லாசரு இறந்தபோது நடந்ததைப் பற்றித்தான். மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாளும் வந்து கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் ஒரு போதனையும் இல்லை, அழுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர், அப்படியும் அழுகிறார். ஒரே கேள்விதான், கேட்டவர்கள் வேறு. மரியாள் அவர் காலடியில் விழுந்து அழுதுகொண்டு கேட்டாள்.

ஒரு மருத்துவமனை நடைக்கூடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்த ஒவ்வொரு முறையும் என்ன ஆச்சு எப்படி ஆச்சு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சபையிலிருந்து ஒரு பெண் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் போனை மெதுவாக வாங்கிக்கொண்டார், அப்புறம் வந்த அழைப்புகளுக்கெல்லாம் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் அவரே பதில் சொன்னார். சார்ஜ் தீர்ந்தபோது யாரிடமோ கேட்டு வாங்கிப் போட்டார். சாயங்காலம்வரை அவர் வாயிலிருந்து ஒரு வசனம் வரவில்லை. பல மாதம் கழித்து, நீ எதை நம்பி இப்படி இருக்கிறாய் என்று அந்த அம்மாவேதான் அவரிடம் கேட்டார்.

உங்கள் நண்பரிடம், "எனக்கும் தெரியல, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். மகளின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், மற்றவர்கள் அந்தப் பெயரைத் தவிர்க்க ஆரம்பித்திருப்பார்கள். அவர் செய்ய வேண்டிய அலுவலக வேலையில் எதை உங்களால் வாங்கிச் செய்ய முடியும் என்று பாருங்கள். அவர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்கும் நாள் வரலாம். அப்போது சிலுவையில் "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்தியவரைத்தான் நான் கும்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், அது விளக்கம் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: சமூக ஊடகங்களில் இயேசுவைக் கேலி செய்து பதிவு போடுகிறார்கள். பதில் கொடுக்காமல் இருந்தால் அவரை மறுதலிப்பதாகாதா?

பதில்: ஆகாது. ஏரோது ஆவலோடு கேள்விமேல் கேள்வி கேட்டபோது இயேசு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் பேதுரு எழுதினார், இதில் கேட்கிறவர் என்பதும் முக்கியம், சாந்தம் என்பதும் முக்கியம். கீழே பின்னூட்டத்தில் யாராவது நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் அவருக்குத் தனியாக எழுதுங்கள். நம் ஆட்கள் கூட்டமாகப் போய் வசவும் சாபமும் எழுதிவிட்டு வருவதைப் பார்க்கும்போது கேலிப் பதிவைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: அலுவலகத்தில் பல மதத்தினரும் நெருக்கமாகப் பழகுகிறோம். "எல்லா மதமும் ஒண்ணைத்தானே சொல்லுது" என்று பேச்சு வரும்போது ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன், பிறகு மனசாட்சி உறுத்துகிறது. மறுத்துப் பேசினால் வெறியன் என்பார்கள்.
- ஒரு வாசகர்

பதில்: தலையாட்ட வேண்டியதில்லை, மறுத்துச் சண்டை போடவும் வேண்டியதில்லை. எல்லாம் ஒன்று என்று சொல்வது மரியாதை போலத் தோன்றும், ஆனால் அதில் யார் சொல்வதையும் நாம் காது கொடுத்துக் கேட்பதில்லை. இயேசு சிலுவையில் சாகவில்லை என்பது இஸ்லாமிய மரபின் பரவலான நம்பிக்கை, செத்தார் என்பது எங்கள் விசுவாசத்தின் மையம். அவர் பிலாத்துவின் காலத்தில் மரணதண்டனை பெற்றார் என்பதை ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸும் எழுதியிருக்கிறார், அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். மூன்றாம் நாள் எழுந்தார் என்பது அப்படி வெளியிலிருந்து சான்று காட்டி முடித்துவிடக்கூடியது அல்ல, அங்கேதான் விசுவாசம் வருகிறது. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே எழுதிவிட்டார். இவ்வளவு பெரிய வேறுபாட்டை மூடி வைத்துக்கொண்டு நட்பு பாராட்டுவதைவிட, "உங்க மார்க்கத்துல இதை எப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டு உட்கார்ந்து கேட்பது நல்லது. கேட்ட பிறகு உங்களிடமும் கேட்பார்கள்.

அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதைப் பாருங்கள். சிலைகளைக் கண்டு மனம் கொதித்தவர்தான், ஆனாலும் நீங்கள் தேவபக்தி உள்ளவர்கள் என்று ஆரம்பித்து, அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துச் சொல்லிப் பேசினார். கடைசியில் சிலர் பரிகாசம் பண்ணினார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். அவர் அத்தோடு கிளம்பிப் போய்விட்டார்.

வெறியன் என்பார்களோ என்ற பயத்துக்குக் காரணம் உண்டு, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதிகாரத்தோடு கைகோத்து விசுவாசத்தைத் திணித்த வரலாறு சபைக்கு இருக்கிறது. மத விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அது மனிதனின் உரிமை என்று கத்தோலிக்கத் திருச்சபை, அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தனி அறிக்கையாக வெளியிட்டது 1965 டிசம்பரில்தான். ஒரு விஷயத்தை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்களிடம் கடன் பட்டவர், உங்கள் உதவியை நம்பி இருப்பவர், இவர்களிடம் அவர்களாகக் கேட்காமல் விசுவாசத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அவர்களால் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஜெபமும் சாட்சியும் அழகாக எழுதித் தருகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: ஒரு வேதப்பகுதியின் பின்னணி தெரிய வேண்டும் என்றால் கேளுங்கள், கேட்டதைச் சரிபாருங்கள். சாட்சி என்பது நான் கண்டேன், எனக்கு நடந்தது என்று சொல்வது. அந்தச் செயலிக்கு எதுவும் நடக்கவில்லை. திக்கித் திணறினாலும் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். சமீப காலமாக ஜெபித்தால் எதிரே யாரும் இல்லை என்று தோன்றுகிறது. இந்த நிலையில் பிள்ளைகளிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது பொய்யாகாதா?
- பெயர் வேண்டாம்

பதில்: எண்பத்தெட்டாம் சங்கீதத்தை இன்று ராத்திரி வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி வரும், இதில் வராது, இருளிலேயே முடிகிறது. அதை யாரும் திருத்தவில்லை, நீக்கவில்லை, அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அன்னை தெரசா தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் பிரசன்னத்தை உணராமலேயே ஜெபித்திருக்கிறார். உங்கள் நிலை நல்லது என்று சொல்ல இதைச் சொல்லவில்லை, அது வேதனை. ஆனால் அது விசுவாசத்துக்கு வெளியே போய்விட்டதன் அடையாளம் அல்ல.

பொய்யாகுமா என்று கேட்டீர்கள். உணராததை உணர்வதாகச் சொன்னால் பொய். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்" என்று இயேசுவிடம் கதறிய தகப்பனின் கதையை அடுத்த வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவனுடைய அந்த அரைகுறை விசுவாசத்துக்கே பிள்ளை குணமானான். அதைச் சொல்வதில் உங்களுக்குப் பொய் எதுவும் இருக்காது. கூடவே தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாவற்றிலும் இதே வெறுமை பரவியிருந்தால் மருத்துவரையும் பாருங்கள், அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வகுப்பை இரண்டு மாதம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். எங்கள் சபையில் ஒரு மூத்த ஊழியர் மேல், சிறுபிள்ளைகளிடம் தவறாக நடந்தார் என்று புகார் வந்தது, பெரியவர்கள் சேர்ந்து வெளியே தெரியாமல் முடித்துவிட்டார்கள். "இதுதான் உங்க விசுவாசமா?" என்கிறான். மனிதரைப் பார்க்காதே, கடவுளைப் பார் என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறான். எப்படிப் பேசி அவனைத் திரும்பக் கொண்டுவருவது?
- ஒரு தகப்பன்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வது சரி. "மனிதரைப் பார்க்காதே" என்ற பதிலை நாம் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறோம், அதைச் சொல்லிச் சொல்லியே பல அக்கிரமங்களை மூடியிருக்கிறோம். 2002இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று அங்கே கத்தோலிக்கக் குருக்கள் சிறுவர்களுக்குச் செய்ததையும், மேலே இருந்தவர்கள் அவர்களை ஒரு பங்குச் சபையிலிருந்து இன்னொரு பங்குச் சபைக்கு மாற்றிக்கொண்டே இருந்ததையும் அம்பலப்படுத்தியது. அதன் பிறகு பல நாடுகளில், பல சபைப் பிரிவுகளில் இதே கதை வெளியே வந்தது. சபையின் பெயர் கெடக் கூடாது என்பதுதான் எங்கும் சொல்லப்பட்ட காரணம். இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று சொன்னவர் சபையின் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் தன் கதையை எழுதினார். அவருடைய எஜமான் ஒரு பக்திக் கூட்டத்தில் மனந்திரும்பினான், திருந்துவான் என்று பார்த்தால் முன்பைவிடக் கொடியவனானான். கை கால் விளங்காத ஓர் இளம்பெண்ணைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்துக்கொண்டே வசனம் சொன்னான் என்கிறார் டக்ளஸ். இவ்வளவையும் எழுதியவர் முடிவில் கிறிஸ்துவை விடவில்லை. இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் நடுவே இருப்பது மிகப் பெரிய தூரம், ஒன்றை நேசிக்க வேண்டுமானால் மற்றதை வெறுத்தே ஆக வேண்டும் என்கிறார். உங்கள் மகன் எதை வெறுக்கிறான் என்று கவனித்தீர்களா? பிள்ளைகளைக் காப்பாற்றாத ஒன்றை. அதை வெறுப்பதற்கு அவன் எங்கே கற்றான்? நீங்கள் வளர்த்த வீட்டில்தான் கற்றிருப்பான்.

எப்படிப் பேசித் திரும்பக் கொண்டுவருவது என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு அவனிடம் பேச வேண்டியதில்லை, சபையில் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஊழியர் இன்னும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போய் வருகிறாரா? பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டாரை யாராவது போய்ப் பார்த்தார்களா? காவல்துறைக்கு ஏன் சொல்லவில்லை? சபையின் உள்ளே விசாரித்து முடித்துவிட்டோம் என்பது குற்ற விஷயத்தில் ஒரு பதிலே அல்ல. நீங்களே எழுந்து இதைக் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள், அவர்கள் தட்டிக்கழித்தால் நீங்களே போய்ப் புகார் கொடுங்கள். அந்தக் குடும்பம் பயந்துபோயிருக்கும், அவர்கள் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களிடம் பேசிவிட்டு அடுத்த அடியை வையுங்கள். சபையில் சிலர் உங்களோடு பேசுவதை நிறுத்துவார்கள்.

மகன் சபைக்குத் திரும்ப வருவதற்காக இதைச் செய்யாதீர்கள். அவன் வராமலே போகலாம். அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், "நீ சொன்னது சரி, நான்தான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்" என்று. அதற்குப் பின்னால் "ஆனாலும்" என்று எதையும் சேர்க்காதீர்கள்.